சத்தியம் யாரைக் கட்டுகிறது?

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவனை உலகம் மதிக்கிறது. அந்த வாக்கே தவறானதாக இருந்துவிட்டால்? வாள், டிராகன், மந்திரவாதி என்று போகும் ஆங்கில மாயாஜால நாவல்கள் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டு வந்திருக்கின்றன. சிறுவர் கதை என்று ஒதுக்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் பாகம் 1954இல் வெளிவந்தது. அதில் மோதிரத்தை அழிக்க ஒன்பது பேர் புறப்படுகிறார்கள். வழியனுப்பும் எல்ராண்ட், மோதிரத்தைச் சுமக்கும் ஃபுரோடோவுக்கு மட்டுமே கடமையை விதிக்கிறார். மற்ற எட்டுப் பேரிடம் சத்தியம் வாங்கவில்லை. முடிந்தவரை போகலாம், திரும்பியும் வரலாம். கிம்லிக்கு இது பிடிக்கவில்லை. சத்தியம் தளர்ந்த மனத்துக்குத் தெம்பு தரும் என்கிறான். அதே சத்தியம் மனத்தை உடைத்தும் விடலாம் என்கிறார் எல்ராண்ட்.

அவருக்கு ஏன் இந்த அச்சம்? டோல்கீன் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல் வெளிவந்த 'தி சில்மரிலியன்' நூலில் அதற்கு விடை இருக்கிறது. ஃபியனோர் என்பவனும் அவனுடைய ஏழு மகன்களும், களவுபோன மூன்று மணிகளை யார் வைத்திருந்தாலும் விடமாட்டோம் என்று ஆணையிடுகிறார்கள். அந்த ஆணைக்காகச் சொந்த இனத்தாரையே மூன்று முறை வெட்டிச் சாய்க்கிறார்கள். மூன்றாவது தாக்குதலில் அழிந்தது எல்ராண்டின் ஊர். அப்போது அவர் சிறுவன். பிடித்துச் சென்ற மாக்லோரே இரக்கப்பட்டு அவரை வளர்க்கிறான். சத்தியம் ஒரு நல்ல மனிதனை என்ன செய்யும் என்பதை எல்ராண்ட் அந்த வீட்டில்தான் பார்த்திருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1925 முதல் ஆக்ஸ்ஃபர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீன். 991ஆம் ஆண்டு எசெக்ஸில் நடந்த மால்டன் போர் அவருக்கு அத்துப்படி. தலைவன் பிர்ட்நோத், வைக்கிங் படை தடையின்றிக் கரையேற வழிவிட்டான். அவன் விழுந்ததும் சிலர் ஓடினர். விருந்து மண்டபத்தில் வீரவாக்குச் சொன்ன மற்றவர்கள் அவன் உடலைச் சுற்றி நின்று மடிந்தனர். இதைப் பற்றி 1953இல் எழுதிய டோல்கீன், தலைவனின் கர்வத்தைக் கண்டித்து, தொண்டர்களின் விசுவாசத்தையே உயர்த்திப் பேசினார். 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர், அந்த ஆண்டிலேயே நெருங்கிய நண்பர்கள் இருவரைப் போரில் இழந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்கரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையில் சிக்கல் வேறு. இடைக்கால ஐரோப்பாவில் ஒரே வீரன் பல பிரபுக்களிடம் நிலம் பெற்று, ஒவ்வொருவருக்கும் விசுவாசப் பிரமாணம் செய்வது உண்டு. பிரபுக்கள் மோதிக்கொண்டால் அவன் யார் பக்கம்? மார்ட்டினின் ஜேமி லானிஸ்டர் இந்தப் பொறியில்தான் மாட்டுகிறான். மன்னனைக் காப்பதாகச் சத்தியம். அப்பாவிகளைக் காப்பதாகவும் சத்தியம். பித்துப்பிடித்த மன்னன் தலைநகரையே மக்களோடு எரிக்க உத்தரவிடுகிறான். ஜேமி மன்னனைக் கொல்கிறான். நகரம் பிழைக்கிறது, அவனுக்குக் கிடைத்த பெயர் அரசனைக் கொன்றவன்.

நடந்ததை அவன் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. 2000இல் வந்த மூன்றாம் நாவலில்தான் வாய் திறக்கிறான். கேட்பவள் பிரியன், கொடுத்த வாக்குக்காக அவனை ஊர் சேர்க்கப் புறப்பட்டு, அவனோடு தானும் சிறைப்பட்டவள்.