ரைஃபிள் குண்டுச் சிதறல்

ஒரே ரைஃபிளில் ஒரே வகைத் தோட்டாவை இட்டு, ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டும், குண்டுகள் எதிர்பார்த்த வட்டத்துக்குள் அடங்காமல் பரவுவதைக் குண்டுச் சிதறல் என்கிறோம். ஓரளவு சிதறல் எந்த ரைஃபிளிலும் உண்டு. நேற்று நெருங்கி விழுந்த குண்டுகள் இன்று காரணம் தெரியாமல் விலகும்போதுதான் அது கோளாறு. பன்னாட்டுப் போட்டிகளில் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ. விட்டம் கொண்டது, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அது 0.5 மி.மீ. புள்ளி. இத்தனை சிறிய இடத்தில் ஒரு திருகு தளர்ந்தாலும், ஒரு மூச்சு தவறினாலும் அட்டையில் தெரிந்துவிடும். 50 மீட்டர் போட்டிகளில் பயன்படும் 5.6 மி.மீ. (.22) தோட்டாவை முன்வைத்தே இக்கட்டுரை பேசுகிறது, பெரும்பாலானவை மற்ற ரைஃபிள்களுக்கும் பொருந்தும்.

முதலில் இரண்டு கோளாறுகளைப் பிரித்தறிய வேண்டும். குண்டுகள் நெருங்கி விழுந்து, ஆனால் நடுவை விட்டுத் தள்ளியிருந்தால் குறிபார்க்கும் கருவியான சைட்டைத் திருப்பினால் போதும். குண்டுகளே பரந்து விழுந்தால் சைட்டைத் தொடுவது நிலைமையை மேலும் குழப்பும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருத்தம் செய்பவர் தன் சிதறலைத் தானே பெருக்கிக்கொள்கிறார்.

அடுத்தது எண்ணிக்கை. மூன்று குண்டுகளைச் சுட்டு, அவற்றில் மிக விலகிய இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, அதையே ரைஃபிளின் திறன் என்று கொள்ளும் பழக்கம் சுடுதளங்களில் வேரோடிப் போயிருக்கிறது. அது பெரிய ஏமாற்று. எந்தக் கோளாறும் இல்லாத ரைஃபிளிலும் பத்துக் குண்டு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் தொகுதி), மூன்று குண்டு குரூப்பைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் அகலமாக இருக்கும் என்பது நிகழ்தகவுக் கணக்கு. மூன்று குண்டு குரூப்புகள் தமக்குள்ளேயே வெகுவாக மாறுபடும். ஆகவே, ‘திடீரென்று குறி கெட்டுவிட்டது’ என்ற முறையீடுகள் பலவற்றில் ரைஃபிள் மாறியிருக்காது. முந்தைய நல்ல குரூப் தற்செயலாக அமைந்திருக்கும். பத்துப் பத்தாகச் சில குரூப் சுட்டு அளக்கும் முன் எந்தத் திருகையும் திருப்பக் கூடாது.

உண்மையிலேயே சிதறல் கூடியிருந்தால் அதன் வடிவம் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழுவதற்கு வேக வேறுபாடு ஒரு காரணம். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 50 மீட்டரைக் கடக்க, காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், சுமார் 0.15 நொடி ஆகும். அதற்குள் 11 செ.மீ.க்கு மேல் கீழிறங்கும். வேகம் 10 மீட்டர் குறைந்தால் கூடுதலாக ஏறத்தாழ 7 மி.மீ. இறங்கும். பத்துப் புள்ளி வளையத்தின் அகலத்தில் அது பாதிக்கும் மேல். மூச்சை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தாதவருக்கும், ரைஃபிளைத் தாங்கும் மணல்மூட்டை சரிவர அமையாதவருக்கும் இதே வடிவம் வரும். பக்கவாட்டில் பரவினால் காற்றையும் விசையை இழுக்கும் விரலையும் பார்க்க வேண்டும். பேரல் சூடேறச் சூடேற குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்துபோனால், பேரல் எங்கோ ரைஃபிளின் கட்டையான ஸ்டாக்கைத் தொடுகிறது என்று ஐயப்படலாம். இரண்டுக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பார்த்தாலே தெரியும்.

குண்டுகள் இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுவது தளர்ச்சியின் முகம்: ஏதோ ஒரு பாகம் இரண்டு நிலைகளுக்கு இடையே தாவுகிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, பேரலையும் ஆக்ஷனையும் (தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும் பொறி) ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகளை முதலில் சோதிக்க வேண்டும். பிறகு ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளை. கைக்கு வந்தபடி முறுக்காமல், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குவது முக்கியம். மிகையாக முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், மரக்கட்டையானால் அமுங்கும். ஸ்கோப்பின் உள்ளே கோளாறு என்றால் வெளியே எதுவும் தெரியாது. இலக்கில் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் சைட்டைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, கடைசியில் குண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை. நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பார்ப்பது அதைவிட விரைவு.

தோட்டாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அமெரிக்கரான ஃபிராங்க்ளின் டபிள்யூ. மான் சிமென்ட் கான்கிரீட் தூணில் பேரல்களைப் பிணைத்து, மனிதக் கையின் நடுக்கத்தை முற்றிலும் நீக்கி, பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்து 1909-இல் ஒரு நூல் வெளியிட்டார். குண்டின் மூக்கைச் சிதைத்தால் குறி பெரிதாகக் கெடுவதில்லை, அதன் அடிப்பாகம் சிதைந்தால் வெகுவாகக் கெடுகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. பேரலின் வாய் விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்தே புரியும்: குண்டின் அடிப்பாகம் கடைசியாக உரசிப் பிரியும் இடம் அதுதான். அங்கே ஒரு சிறு வெட்டு இருந்தால் வாயு ஒரு பக்கமாகச் சீறிக் குண்டைத் தள்ளிவிடும். துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்துத் தேய்ப்பது இந்த விளிம்பைக் கெடுக்கும் பொதுவான வழி.

.22 தோட்டாவைச் சுடுபவர் தானே மருந்து நிரப்பித் தயாரிக்க முடியாது. ஆலை தந்ததைத்தான் ஏற்க வேண்டும். ஒரே பெயரில், ஒரே விலையில் விற்கும் தோட்டாவிலும் லாட்டுக்கு லாட், அதாவது தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, வேறுபாடு உண்டு. ஒரு பேரலுக்கு உகந்த லாட் அடுத்த பேரலுக்கு ஒத்துப்போகாது. அதனால்தான் தோட்டா நிறுவனங்களான இங்கிலாந்தின் எலேயும் ஃபின்லாந்தின் லப்புவாவும் சோதனைத் தளங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய்ப் பல லாட்டுகளைச் சுட்டு, பிடித்ததை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். வேறு நிறுவனத் தோட்டாவுக்கு மாறியவுடன் சில குண்டுகள் அலைவதும் இயல்பே. பழைய மெழுகுப் பூச்சு போய்ப் புதியது பேரலில் படிய வேண்டும். நன்றாகத் துடைத்த பேரலின் முதல் குண்டுகளையும் அப்படியே கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும்.

சுடுபவரைக் கடைசியாகச் சந்தேகிப்பது மனித இயல்பு. ரைஃபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பது கண்ணுக்கே தெரியாத தவறு. மேலே சொன்ன 11 செ.மீ. இறக்கத்தைச் சைட் ஈடுசெய்வது ரைஃபிள் நேராக நிற்கும் என்ற கணக்கில். 5 பாகை சாய்ந்தால் குண்டு பக்கவாட்டில் ஏறத்தாழ 10 மி.மீ. விலகும். வேண்டுமென்றே சாய்த்துப் பிடிக்கும் போட்டியாளர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாய்க்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் சாய்வுதான் சிதறலாகிறது. முன்சைட்டில் பொருத்தும் சிறு ரசமட்டம் இதற்கு உதவும். வெடிக்கு முன்பே உடல் துணுக்குறுகிறதா என்று அறிய, நண்பர் ஒருவர் நல்ல தோட்டாவையும் போலித் தோட்டாவையும் கலந்து இட்டுத் தருவார். போலித் தோட்டாவிலும் ரைஃபிள் துள்ளினால் மறுப்பதற்கில்லை.

ரைஃபிளா, ஆளா என்ற வழக்கைத் தீர்க்க ஆளை மாற்றியோ, ரைஃபிளை மாற்றியோ சுட வேண்டும். 2004-இல் அமெரிக்க வீரர் மாத்யூ எம்மன்ஸின் ரைஃபிளை ஒலிம்பிக்குக்கு முன் யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். சக வீராங்கனையிடம் கடன் வாங்கிய ரைஃபிளால் ஏதென்ஸில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஏதென்ஸில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்து, இறுதிப் போட்டியில் ஏழாமிடத்துக்குச் சரிந்தார். அவர் நின்ற இடத்தின் தரை ஓடு தளர்ந்திருந்தது பின்னால் தெரியவந்தது. ரைஃபிளையும் தோட்டாவையும் மட்டுமே ஆராய்பவர் கண்ணில் அந்த ஓடு படாது. 2008-இல் பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன் அவருடைய சோதனைக் குண்டு ஒன்று நான்காம் வளையத்துக்குப் போனது. பதறாமல் சைட்டைத் திருத்திக்கொண்டு சுட்ட பிந்த்ரா, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். திருகை முறுக்கி, தோட்டாவை மாற்றி, பேரலையும் துடைத்துவிட்டுச் சுட்டால் குரூப் சுருங்கலாம். எதனால் சுருங்கியது என்று தெரியாது. தேதி, லாட் எண், வெப்பநிலை, காற்று, அதுவரை சுட்ட குண்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டையின் பின்புறமே எழுதிவைப்பவர்களுக்கு அடுத்த கோளாறு பாதி நேரத்தில் பிடிபடும். எல்லாம் பார்த்தும் சிதறல் நீடித்தால், பேரலின் உட்புறத்தைச் சிறு கேமரா கொண்டு ஆராய்வார்கள். தோட்டா அமரும் இடத்துக்குச் சற்று முன்னால் கரிப்படிவு வளையமாக இறுகியிருப்பது .22 ரைஃபிள்களில் அடிக்கடி காண்பது. சாதாரணத் துடைப்பு அதைத் தொடுவதே இல்லை; கரைப்பானில் ஊறவைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டும்.