ஏரிக்கரைப் பட்டணம் – 4: ஆயக்கட்டு போன ஏரி

கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிக்கொடுத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் அந்தப் பாலத்தை அடையும்வரை வலப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள் என்பதையும் சொன்னோம். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டை வரை பிறைபோல வளைந்து கிடந்த அந்த ஏரிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் லாங் டேங்க். மவுண்ட் ரோடு அதன் கிழக்குக் கரையை ஒட்டிப் போட்ட சாலை.

இன்று பனகல் பூங்கா வாசலில் புடவைப் பையோடு ஆட்டோ தேடி நிற்பவர், அந்த ஏரியின் உள்வாயில்தான் நிற்கிறார். அவ்வளவு தண்ணீரையும் காலி செய்தது யார் என்று கேட்டுத்தான் சென்ற வாரம் நிறுத்தினோம்.

'1923-இல் அரசாங்கம் வடித்தது' என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பதில் சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஏரியின் கதை அதற்கு நூறாண்டுக்கு முன்பே முடியத் தொடங்கிவிட்டது.

காவலுக்கு ஆள் இல்லை

ஒரு பாசன ஏரி நிலைத்திருக்க வேண்டுமானால் வரத்துக் கால்வாய் தூர்ந்துபோகக் கூடாது, கரை இளகக் கூடாது, மதகு ஒழுகக் கூடாது, கலங்கல் அடைபடக் கூடாது. இத்தனையையும் கவனித்துக்கொண்டது கரைக்குக் கீழே நிலம் வைத்திருந்த ஆயக்கட்டுக்காரர்கள். மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி இருந்தார். களத்துமேட்டில் நெல் அளந்து அவருக்குக் கூலி கொடுத்தார்கள். கோடையில் ஊர் கூடி மண்வெட்டி எடுத்துக் குடிமராமத்து செய்தது. எல்லாம் அடுத்த போகத்து நெல்லுக்காக.

லாங் டேங்கின் கரைக்குக் கிழக்கே தேனாம்பேட்டையும் ஆழ்வார்பேட்டையும் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே கோட்டைக்குள் புழுங்கிக் கிடந்த கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் இந்தப் பக்கம் வந்து தோட்ட வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். சுற்றிலும் மரம், நடுவே தூண் வைத்த மாளிகை, வாசலில் குதிரை வண்டி. ஏக்கர் கணக்கில் ஆயக்கட்டு நிலம் இப்படிக் கைமாறியது. நெல் போடாத நிலத்துக்கு மதகு எதற்கு? நீர்க்கட்டி எதற்கு?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லாங் டேங்கில் மெட்ராஸ் போட் கிளப்பின் படகுப் பந்தயங்கள் நடந்தன. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் துரைமார் துடுப்புப் போட்டார்கள். அப்போதும் தண்ணீர் இருந்தது. எனக்கு வேண்டும் என்று சண்டைக்கு வரும் குடியானவர்தான் அருகிப்போனார்.

1923

அந்த நேரம் பார்த்துப் பட்டணத்துக்கு இடநெருக்கடி வந்தது. 1921 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.27 லட்சம், அடுத்த பத்தாண்டில் அது 6.47 லட்சத்தைத் தொடப்போகிறது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. முதலமைச்சர் பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றார் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். 1921-இல் அவர் விலகியதும் பனகல் அரசர் வந்தார்.

வீடு கட்ட நிலம் தேடியவர்கள் கண்ணில் பட்டது லாங் டேங்கின் மாம்பலம் பகுதி. மவுண்ட் ரோட்டுக்குப் பக்கம், ஆயக்கட்டு என்று எதிர்த்து நிற்கப் பெரிதாக யாரும் இல்லை. 1923-இல் நீரை வடிக்கும் வேலை தொடங்கியது. அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமமாக இருந்த மாம்பலம் பட்டணத்தோடு சேர்ந்தது. ஏரி மண்ணில் மனை பிரித்தார்கள், நடுவில் பூங்கா விட்டார்கள், அதைச் சுற்றித் தெருக்களை வரைந்தார்கள்.

ஊருக்குத் தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். டாக்டர் நாயர், உஸ்மான், ஜி.என். செட்டி, பசுல்லா, நடேசன், சௌந்தரபாண்டியனார் என்று தெருவும் பூங்காவும் கடைவீதியும் நீதிக்கட்சிக்காரர்கள் பட்டியலாயின. ஆனால் தன் பெயர் தாங்கிய நகர் வளர்ந்து நிறைவதைப் பார்க்கத் தியாகராயருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1925-இல் அவர் காலமானார்.

1928-இல் நல்லி பட்டுக்கடை வந்தது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் ஏறிப் பாரிமுனையில் வேலை பார்க்கும் குமாஸ்தாக் குடும்பங்கள் பெருகின. நடிகர் சித்தூர் நாகையாவின் முயற்சியில் வாணி மகால் எழுந்து, கச்சேரியும் நாடகமும் நடந்தன. இந்தி எதிர்ப்பில் முன்நின்ற இயக்கத்தின் தலைவர்கள் பெயர்களைத் தாங்கிய இதே பேட்டையில்தான், இந்திப் பிரச்சார சபையின் வெள்ளி விழாவுக்காக 1946 ஜனவரியில் காந்தி வந்து தங்கினார்.

போகாமல் நின்றது

ஏரி போனாலும் மேட்டு நீர் வருவது நிற்கவில்லை. வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து தியாகராய நகரின் ஊடாக நந்தனம் வந்து அடையாற்றில் விழுகிற மாம்பலம் கால்வாய்தான் இன்று அதற்கு வழி. 2015-இலும் 2021-இலும் தி.நகரில் முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீர், அந்தக் கால்வாய்க்குள் அடங்காமல் பழைய இடத்துக்கு வந்தது.

ஆக, லாங் டேங்கைக் கொன்றதாக நீதிக்கட்சி அரசின் மேல் மட்டும் வழக்குப் போட முடியாது. ஆயக்கட்டை விற்றவர்களும் வாங்கியவர்களும் கூட்டாளிகள். இன்று புறநகரில் மிஞ்சியிருக்கும் ஏரிகளுக்கும் இதுவே ஆபத்து. வயல் போன பிறகு, சுற்றிக் குடியிருப்பவர்கள் ஆயக்கட்டுக்காரர்களின் இடத்துக்கு வராவிட்டால் அந்த ஏரிகளுக்கு ஆள் இல்லை.

உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்து நான்கெல்லை விவரத்தைப் படித்துப் பாருங்கள். ஏரி, தாங்கல், வாய்க்கால் என்று ஏதாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.

சரி, லாங் டேங்கின் வடக்கு முனையில் நுங்கம்பாக்கம் ஏரி இன்னும் பாக்கி இருந்ததே, அது என்ன ஆனது? 1976 ஏப்ரலில் அந்த ஏரி மண்ணில் ஒரு கல் தேர் திறப்பு விழா கண்டது. குடியரசுத் தலைவர் வந்து திறந்தார். முதலமைச்சராக இருந்து அதைக் கட்டியெழுப்பியவர் மட்டும் மேடையில் இல்லை. ஏன்?

அடுத்த வாரம்.

(தொடரும்)