கொம்புத் தகட்டில் அடங்கிய புயல்

ஆணையிடுவோர் எவருமின்றி, கூறுகள் ஒன்றையொன்று பாதிப்பதாலேயே மொத்தத்தில் ஒரு வடிவம் திரண்டுவிடுவதைத் தன்னொழுங்கமைவு என்கிறார்கள். வங்கக் கடலின் புயல் அதற்குப் பெரியதொரு சான்று. அந்தப் புயல்களைக் கண்காணிக்கும் மண்டல வானிலை மையம் கொல்கத்தாவின் அலிப்பூரில், டூயல் அவென்யூவில் இருக்கிறது. 1780இல் வாரன் ஹேஸ்டிங்சும் பிலிப் பிரான்சிசும் கைத்துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற சண்டையை நினைவூட்டும் தெரு அது. மழை வருமா என்ற கேள்விக்கு வங்காளச் செய்தித்தாள்கள் இன்றும் அலிப்பூரைத்தான் மேற்கோள் காட்டுகின்றன.

இந்த மையம் வருவதற்கு வெகு காலம் முன்பே, புயலைச் சாமானியர் படிக்கும்படி எழுதியவர் ஹென்றி பிடிங்டன் (1797–1858). கப்பல் தலைவராக இருந்து கல்கத்தாவில் தங்கிவிட்ட ஆங்கிலேயர். 1839 முதல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒப்பிட்டுத் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் ஒன்றான ‘சார்லஸ் ஹெடில்’ என்ற கப்பல் 1845இல் மொரிசியசுக்கு அருகே புயலின் முன் ஓடி, நாட்கணக்கில் அதன் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. சுழலும் காற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

1848இல் மாலுமிகளுக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டார். ‘சைக்ளோன்’ என்ற பெயரை உலகுக்குத் தந்ததும் அந்த நூல்தான். அதனுடன் ஒளி ஊடுருவும் இரண்டு கொம்புத் தகடுகள் வந்தன; வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்று. காற்று வீசும் திசையைப் பார்த்துத் தகட்டைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்தால், புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரியும். எந்தப் பக்கம் விலகுவது என்றும் முடிவு செய்யலாம். விதியென்று பாயைச் சுருட்டிக் காத்திருந்த மாலுமிக்கு, புயல் இப்போது உருவமும் மையமும் பாதையும் உடைய ஒன்றாயிற்று. ஒரு மக்கள் அறிவியல் நூல் ஒருவரின் உலகப் பார்வையைத் திருப்பியது என்றால் அது இதுதான்.

பிடிங்டன் சொன்ன காரணம் தவறு. புயல் மின்சாரத்தால் பிறப்பது என்று அவர் நம்பினார். காற்று சரியான வட்டமாகச் சுற்றுவதாகக் கொண்ட அவருடைய விதியும் பின்னால் திருத்தப்பட்டது. காற்று உள்நோக்கிச் சுருண்டு போகிறது. ஆனாலும் வடிவத்தை அவர் பிடித்துவிட்டார். காரணம் பிடிபடும் முன்பே ஒழுங்கு கண்ணில் படுவது தன்னொழுங்கமைவு ஆய்வில் புதிதல்ல.

உண்மையில் நடப்பது வேறு. ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய கடலிலிருந்து ஈரக்காற்று எழுகிறது. நீராவி குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, கீழே அழுத்தம் குறைந்து மேலும் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. புவியின் சுழற்சி அதைத் திருப்புகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தத் திருப்பம் மிகச் சிறிது, அதனால் அங்கே புயல் உருவாவது அரிது. நிலத்தில் ஏறியதும் ஈரத்தின் வரத்து அறுந்து சுழல் கலைகிறது. ஆற்றல் ஓடிக்கொண்டிருக்கும் வரை மட்டும் நிலைக்கும் இத்தகைய அமைப்புகளை ஆராய்ந்த இல்யா பிரிகோஜினுக்கு 1977இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இசபெல் ஸ்டெஞ்சர்ஸுடன் அவர் எழுதிய நூல்களும், ஜேம்ஸ் கிளிக் 1987இல் எழுதிய ‘கேயாஸ்’ நூலும் இந்தச் சிந்தனையை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுவந்தன. எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்தது என்று மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, நீராவிக் கணக்கை விட்டுவிடும் வாசகர்களும் உண்டு. அவர்களுக்கு அறிவியல் ஓர் அலங்காரம்.

பார்வை மாறியவர்கள் எல்லோரும் ஆட்சியில் இருக்கவில்லை. மாதலா ஆற்றங்கரையில் கட்டத் திட்டமிட்ட கேனிங் துறைமுகத்தைக் கடல் ஒருநாள் வாரிக்கொள்ளும் என்று பிடிங்டன் 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதினார். துறைமுகம் கட்டப்பட்டது. 1867 நவம்பரில் வந்த புயல் அதை அழித்தது. இடையே, 1864 அக்டோபர் 5 அன்று ஹூக்ளியில் ஏறிய கடலலை ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் ஹென்றி பிளான்ஃபோர்டின் தலைமையில் இந்திய வானிலைத் துறை தோன்றியது.

ஒழுங்கு தெரிந்துவிட்டால் எதிர்காலமும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்சின் 1963ஆம் ஆண்டுக் கட்டுரை உடைத்தது. தொடக்க அளவில் துளிப் பிழை இருந்தாலும் கணிப்பு நாளடைவில் வேறெங்கோ போய்விடும். 2020 மே 20 அன்று சுந்தரவனப் பகுதியில் கரையேறிய ஆம்பன் போன்ற புயல்களுக்கு வானிலைத் துறை, வரப்போகும் பாதையைக் காட்ட ஒற்றைக் கோட்டோடு நிற்காமல் விரியும் கூம்பொன்றையும் வரைவது இதனால்தான். படம் தொலைக்காட்சிக்கு வரும்போது பார்ப்பவர் கண் நடுக்கோட்டில் மட்டுமே நிற்கிறது. கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஊரும் எச்சரிக்கைக்குள் அடங்கியதே.