மேகாலயக் காலம் பிறந்த கதை

நாம் வாழும் புவியியல் காலத்தின் பெயர் மேகாலயன். இன்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் அது தொடங்கியதாக 2018இல் உலகப் புவியியலாளர்கள் முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு அடையாளமாக அவர்கள் வைத்தது சிரபுஞ்சிக்கு அருகே மாவ்ம்லு குகையில் வளர்ந்த ஒரு கல்முளை. குகைக்கல் ஒன்று புவியியல் காலத்தின் எல்லைக்கல் ஆனது அதுவே முதல் தடவை.

அந்தக் கல் மழையில் பிறந்தது. மண்ணில் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டை வாங்கி மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது வாயு பிரிந்து போகிறது, சுண்ணம் படிகிறது. நீரோடு வந்த யுரேனியமும் கல்லில் அகப்பட்டு மெல்லத் தோரியமாக மாறுவதால், படையின் வயதைக் கணிக்க முடிகிறது.

துளியின் சேதி ஒட்சிசனின் பாரமான, இலேசான வகைகளில் இருக்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மழையைக் கொட்டக் கொட்டப் பாரமான ஒட்சிசன் முதலில் விழுந்துவிடும். பருவமழை வலுத்த ஆண்டுகளின் நீரில் இலேசானதே மிகும். மாவ்ம்லு கல்லில் 4,200 ஆண்டுப் படையில் பாரமானது கூடிற்று: மழை தளர்ந்தது. வறட்சியில் இன்னொன்றும் நடக்கும். பாறை வெடிப்புகளில் காற்றுப் புகுவதால் கல்சியம் வழியிலேயே படிந்துவிட, துளியில் மகனீசியத்தின் பங்கு உயரும்.

ஆனால் துளிக்குத் துளி வழி வேறு. ஒன்று நேற்றைய மழையைச் சொல்லும். பக்கத்துத் துளியில் பல மாத நீர் கலந்திருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் வெளியே மழைநீரையும் உள்ளே சொட்டுநீரையும் மாதாமாதம் சேகரித்து ஒப்பிடுகிறார்கள். பொறுமையான அந்த வேலை இல்லாமல் கல்லைப் படிப்பது வெறும் ஊகம் என்பேன். 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வறட்சி எல்லா நாட்டிலும் ஒரே வேளையில் வந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

திருகோணமலையின் குறிஞ்சாக்கேணியிலிருந்து பார்க்கையில் அந்த விவாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. மேகாலய மலைகள் நனையும் ஆனி, ஆடியில் இங்கே சோளகம் வெப்பமாய் வீசி வயல் காய்கிறது. எங்கள் மழை ஐப்பசிக்குப் பிறகு வாடையோடு வருவது. மாவ்ம்லு கல் பதிந்து வைத்தது கோடைப் பருவமழையை. எங்கள் மாரியை அல்ல. திருகோணமலையின் பாறையோ பெரும்பாலும் மிகப் பழைய உருமாறிய பாறை; மேகாலயத்தைப்போல் பெருங்குகைகள் குடையப்பட இங்கே சுண்ணக்கல் விரிந்து கிடக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் அடியில் அது இருக்கிறது. வாடை மழையின் பழைய கணக்கைத் தேடுவோர் அந்தச் சுண்ணக்கல்லில் குகைக்கல் உண்டா என்று பார்த்து, எங்கள் களப்புகளின் அடிச்சேற்றையும் துளைத்துப் பார்க்க வேண்டும்.