மூடிய தளமும் படிக்க முடியாத தமிழும்



என் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். 2002-ல் ஓர் இலவசத் தளத்தில் தமிழில் சொந்தப் பக்கம் வைத்திருந்தார். கம்பெனியில் புழங்கும் சொற்களுக்குத் தாத்தா சொன்ன விளக்கங்களை அதில் எழுதியிருந்தார். பிறகு தாத்தா போய்விட்டார். அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள். மிஞ்சியது மாமாவின் டைரியில் இருந்த முகவரி மட்டும். அதை வைத்துத் தேடப் போனபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படி மூடப்பட்ட தளங்களில் மிகப் பெரியது ஜியோசிட்டீஸ். 1994-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26-ல் மூடியது (ஜப்பான் கிளை மட்டும் 2019 மார்ச் வரை ஓடியது). மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜேசன் ஸ்காட்டின் 'ஆர்க்கைவ் டீம்' தன்னார்வலர்கள் முடிந்தவரை பக்கங்களை இறக்கிச் சேமித்தார்கள். 2010-ல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு சுமார் 640 ஜிபி!

இதற்கு முன்பே, 1996-ல், புரூஸ்டர் கேல் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தொடங்கியிருந்தார். அதன் 'வேபேக் மெஷின்' 2001-ல் எல்லோருக்கும் திறந்தது. பழைய முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் தேதியில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்தார்கள் என்று காட்டும். ஆனால் அதன் நிரல் ஒரு சுட்டியிலிருந்து அடுத்த சுட்டிக்குப் போய்த்தான் பக்கங்களைச் சேகரிக்கிறது. யாரும் சுட்டி கொடுக்காத பக்கம் தப்பிவிடலாம். எழுத்து கிடைத்தும் படம் கிடைக்காமல் போகலாம்.

மாமாவின் முதல் பக்கம் கிடைத்தது. திறந்தால் ஒரே கிறுக்கல்! ஐரோப்பிய எழுத்துகள் போல ஏதேதோ. தமிழைக் காணோம்.

காரணம் இதுதான். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் அது பரவலாகப் புழக்கத்துக்கு வர ஏறத்தாழ பத்து வருடங்கள் ஆயின. அதுவரை ஆங்கிலம், ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் ஒவ்வொரு எழுத்துருவும் தன் வசதிப்படி தமிழை வைத்தது. இதைச் சரிசெய்ய 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என இரண்டு முறைகளை முன்வைத்தது. இணையத்திலோ திஸ்கியும் ஓடியது. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது.

அந்தக் காலத்தில் சுவடி தேடியவர்களுக்கும் இதே பாடுதான். ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஏட்டைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, படிப்பது மீதி வேலை.

நல்லவேளை, பக்கத்தின் மூலநிரலில் எழுத்துருவின் பெயர் இருந்தது. அது திஸ்கி வகை என்று தெரிந்ததும் மாற்றியில் போட்டேன். முதலில் தெளிந்த சொல் 'கைமடி'. மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இரண்டாம் பக்கம் எங்கும் இல்லை. அதில் இருந்ததை மாமா நினைவிலிருந்து சொல்கிறார், நான் யூனிகோடில் தட்டுகிறேன். ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறேன் :-)

உங்கள் வீட்டு டைரியிலும் பழைய முகவரி ஏதாவது இருக்கும். இன்றே தேடிப் பாருங்கள்.