உறைமோர் கொடுத்த வீடுகள்

எங்கள் அப்பத்தா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிவகாசிக்குத் தயிர் கொண்டுபோய் விற்றவள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகிவந்து 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், அவள் காலத்தில் பட்டாசாகவும் பெருகியிருந்தது. மத்தியானம் வெடி ஆபீஸ் வாசலில் மோர் விலைபோகும். மிச்சப் பால் கோவா கிண்டுகிறவர்களுக்கு.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைக்கட்டும். ஆனால் தீயில் அவ்வளவு நேரம் கிண்டிச் சுண்டிய பாலில் பாக்டீரியா எங்கே பிழைத்திருக்கும்? உயிர் உறைமோரில்தான். அதற்கு விலை கிடையாது. நம் வீட்டு உறை கெட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவோம். விளக்கு வைத்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

ஆண்டாளின் திருப்பாவை 7ஆம் பாசுரத்தில் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசை கேட்கிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலோ மதுரை இடைச்சேரியில் பால் உறையவில்லை. தீய சகுனம் என்று அஞ்சுகிறார்கள். இன்று உறையாவிட்டால் நான் முதலில் கேட்பது, மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்றுதான். மடிநோய்க்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் இறங்கினால் உறை பாக்டீரியா செத்துவிடும்.

புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று 1907இல் விஞ்ஞானி மெச்னிகாஃப் எழுதினார். கொலஸ்ட்ரால் பேச்சு பிந்தி வந்தது. ஆய்வாளர் ஜார்ஜ் மான் கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் இளைஞர்களுக்குப் புளித்த பாலை ஏராளமாகக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கியது என்று 1974இல் எழுதினார். சில லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகைகள் குடலில் பித்த உப்பைப் பிரிக்கின்றன. பிரிந்தது மலத்தோடு கூடுதலாகப் போய்விட, ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதுப் பித்தம் செய்கிறது. எல்லா வகைக்கும் இந்தத் திறம் இல்லை, இறக்கமும் பெரிதல்ல. மோரை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களோடு சண்டைக்கே போவேன்.

பாதுகாப்பானதா என்று கேட்டால், தலைமுறையாக மோர் குடித்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்பத்தாவின் சான்று. நல்ல உடம்புக்காரருக்கு அது போதும். நோய் எதிர்ப்பு குன்றியவருக்கும் குறைமாதக் குழந்தைக்கும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் சேர்ந்த புரோபயாட்டிக் உணவுகளுக்காக 2011இல் வகுத்த நெறிமுறை, பாக்டீரியாவை ஸ்ட்ரெயின் (உள்வகை) வரை அடையாளம் காணச் சொல்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத குணம் உண்டா என்றும் சோதிக்கச் சொல்கிறது.

எங்கள் தெருவில் இப்போது பாக்கெட் தயிர்தான் உறை. சாதாரணத் தயிர் பாக்கெட்டில் எந்தப் பாக்டீரியா என்று தேடினால் கிடைக்காது. புரோபயாட்டிக் என்று சொல்லி விற்றால் மட்டும் ஸ்ட்ரெயின் பெயரையும் உயிருள்ளவற்றின் எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும் என்கிறது அதே நெறிமுறை.