எஸ்டீமில் ஏறிய சிடி பிளேயர்

கார் டேஷ்போர்டில் ஸ்டீரியோவுக்கென்று விடும் பொந்தின் அகலம் 182 மில்லிமீட்டர், உயரம் 53 மில்லிமீட்டர். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவு இது. 1984-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. கடைகளில் ‘சிங்கிள் டின்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இந்த அளவுக்குச் செய்த செட்டைத்தான். வீட்டுக்கான சிடி பிளேயரை 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்க ஆரம்பித்த சோனியும், அதன் போட்டியாளரான பயனியரும் காருக்கான சிடி பிளேயரைக் கொண்டுவந்ததும் அதே 1984-இல்தான். பொந்தும் அதில் குடியேற வேண்டியவரும் ஏறக்குறைய ஒரே வயது.

சித்தப்பாவின் மாருதி எஸ்டீமுக்குள் அப்படி ஒரு செட் வந்து சேர இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. 2004 வாக்கில் அந்தக் காரில் இருந்தது காரோடு வந்த கேசட் டெக். ‘கம்பெனி செட்’ என்று சித்தப்பா அதை மரியாதையாகவே சொல்வார். அதன் எஃப்எம் நன்றாகத்தான் இருந்தது. கேசட் பக்கம்தான் தகராறு. சென்னை வெயிலில் நின்ற காரில் டேப் இளகி, ரோலரில் சுற்றிக்கொண்டு, பாதி நாடாவை உள்ளேயே வைத்துக்கொண்டு வெறும் டப்பாவைத் துப்பும். சித்தப்பாவின் நண்பர்கள் எல்லாரும் சிடிக்கு மாறிவிட்டிருந்தார்கள். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குக் கிளம்பினார்.

கம்பெனி செட்தான் ஒழுங்கானது, வெளியே வாங்கி மாட்டுவது ஒட்டுவேலை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. வரலாறு வேறு மாதிரி. 1930-இல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியபோது அதுவே வெளியே வாங்கி மாட்டும் சரக்குதான். ரேடியோ ஓர் இடத்தில், ஸ்பீக்கர் இன்னோர் இடத்தில், அதற்கான பேட்டரி தரைக்கு அடியில் என்று காரையே பிரித்துப் போட்டு மாட்டினார்கள். கார் கம்பெனிகள் தாங்களே ரேடியோ வைத்து விற்பது பரவலானது பிறகுதான். வெளி செட்தான் இதில் மூத்தது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணா சாலையிலிருந்து திரும்பியதும் சீட் கவர், ஹார்ன், வீல் கப், சன் ஃபிலிம். காரை ரோட்டோரம் நிறுத்தினால் அங்கேயே கதவைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். சித்தப்பா தேர்ந்தெடுத்த சிடி பிளேயரின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கவுன்டரிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். நாலு ஓம் ஸ்பீக்கருக்குள் அதை முழுசாகத் திணித்தால் 52 வாட் வரும், அது சரி. ஆனால் அப்படித் திணித்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, பாட்டு கரகரவென்று அறுக்கும். சிதையாமல் வரக்கூடியது அதில் பாதி, 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் இருபதைச் சுற்றித்தான் நிற்கும். கடைக்காரர் மறுக்கவில்லை. “எல்லா கம்பெனியும் இப்படித்தான் சார் போடுறான்” என்றார். உண்மைதான். இருபது வாட்டே ஒரு காருக்கு ஏராளம் என்பதும் உண்மை. அந்தக் காலக் கார் டெக்குகளில் புழங்கிய சான்யோவின் எல்ஏ 4440 ஐசி, ஸ்டீரியோவில் பக்கத்துக்கு ஆறு வாட்தான் தந்தது. நம்மூர் அசெம்பிள் செட்காரர்கள் அந்த ஐசியை வைத்துத் தெருவையே கேட்க வைத்தார்கள்.

வேலை தொடங்கியது. ஆஷ்ட்ரேயை உருவி, அதன் பின்னால் ஒளிந்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, சுற்றுப் பட்டியை மெல்ல நெம்பினால் பழைய டெக் முன்னால் வந்துவிட்டது. அதன் பின்புறம் கொத்தாக வயர், முனையில் வெள்ளைக் கப்ளர். கடைப்பையன் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தான்.

“தம்பி, கப்ளரை வெட்டாதே. மாத்துற கப்ளர் இருக்கும்ல?”

“இருக்கு சார். அது தனி காசு ஆகும். வெட்டி முறுக்கி டேப் சுத்திடலாம், ஒண்ணும் ஆகாது.”

“காசைப் பத்தி நான் பாத்துக்கறேன். நீ வெட்டாதே.”

இந்த ஒரு பிடிவாதத்தால்தான் இந்தக் கதையே நீள்கிறது. மாற்றுக் கப்ளர் என்பது ஒரு முனை காரின் சாக்கெட்டில் அப்படியே செருகிக்கொள்ளும் வயர்க்கொத்து. மறுமுனையைப் புது செட்டின் வயர்களோடு நிறம் பார்த்துச் சேர்க்க வேண்டும். மஞ்சள் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன். செட்டின் நினைவு அதில்தான் உயிரோடிருக்கிறது. சிவப்பு சாவியைத் திருப்பினால் வருவது. கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் நாலு ஸ்பீக்கருக்கு. ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி வயர்தான் மைனஸ். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் பாட்டு பாடும், ஆனால் சாவியை எடுத்ததும் ஸ்டேஷன் எல்லாம் அழிந்து, கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும். சோம்பேறித்தனத்தில் இரண்டையும் சேர்த்து நேரடி லைனில் முறுக்கிவிட்டால் வண்டி நிற்கும்போதும் செட் கரண்ட் தின்னும். நாலு நாள் எடுக்காத வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ‘புது செட் போட்டதிலிருந்து பேட்டரி இறங்குது’ என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு வயரை.

பிறகு பொந்துக்குள் தகரக்கூடு போனது. அதன் நாக்குகளை ஸ்க்ரூடிரைவரால் வெளிப்பக்கம் மடக்கினால் கூடு பிடித்துக்கொள்ளும், செட்டைத் தள்ளினால் ‘க்ளிக்’ என்று உட்காரும். வெளியே எடுக்க இரண்டு பக்கமும் செருகும் தட்டைச் சாவி பெட்டியிலேயே இருக்கும். செட்டின் பின்பக்கத்தை ஒரு போல்ட்டாலோ பட்டையாலோ தாங்க வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கேசட் டெக்காக இருந்தால் பரவாயில்லை. சிடி பிளேயருக்கு வால் ஆடக் கூடாது.

ஏன் என்று அந்த வட்டின் அளவுகளைப் பார்த்தால் தெரியும். 12 சென்டிமீட்டர் வட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைச் சுருள் தடம். அடுத்தடுத்த சுற்றுக்கு இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமயிரின் அகலத்தில் முப்பது சுற்றாவது அடங்கும். உள்சுற்றில் நிமிஷத்துக்கு 500 தடவையும் வெளிச்சுற்றில் 200 தடவையும் சுழலும் வட்டில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் இந்தத் தடத்தை விடாமல் தொடர வேண்டும். அதுவும் சென்னையின் வேகத்தடைகளில்! காருக்கான பிளேயரில் இயந்திரப் பகுதி முழுவதும் ஸ்பிரிங்கிலும் எண்ணெய் நிரப்பிய ரப்பர் குமிழ்களிலும் மிதந்துகொண்டிருக்கும். பிறகு வந்தவற்றில் சில நொடிப் பாட்டை மெமரியில் முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. லேசர் தடத்தைத் தவறவிட்டு மீண்டும் பிடிக்கும்வரை அந்தச் சேமிப்பு பாடும். செட்டை 30 டிகிரிக்கு மேல் சாய்த்து மாட்டாதே என்று சில கையேடுகள் எச்சரிப்பதும் இந்த மிதக்கும் பகுதிக்காகத்தான்.

எஸ்டீமில் அந்த செட் நன்றாக வாழ்ந்தது. எம்பி3 படிக்கும் செட் என்பதால் 700 எம்பி வட்டு ஒன்றில் நூற்றைம்பது பாட்டு வரை அடங்கின. நடைபாதையில் ‘இளையராஜா ஹிட்ஸ்’ என்று அடுக்கி விற்ற அந்த வட்டுகள் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள் என்பது வாங்கியவர்களுக்கும் தெரியும். கல்யாண மண்டபங்களில் சித்தப்பாவின் சட்டைப்பையில் செட்டின் முகப்பு தனியாகக் கழன்று கறுப்பு டப்பாவில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை உடைத்து செட்டை உருவும் திருடர்களுக்காக வந்த ஏற்பாடு அது. ஒரு கோடையில் வீட்டில் பதிந்த வட்டின் மேல் ஒட்டியிருந்த பேப்பர் லேபிள் சூட்டில் உரிந்து, வட்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது. மெக்கானிக் செட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். அதன்பின் மார்க்கரில் எழுதிய வட்டுக்கு மட்டுமே அனுமதி.

எஸ்டீமை விற்கும்போதுதான் அந்தக் கப்ளர் தன் விலையைச் சொன்னது. சித்தப்பா பரணிலிருந்து பழைய டெக்கை இறக்கினார். மாற்றுக் கப்ளரை உருவி, கம்பெனி டெக்கைச் செருகி, அதே ஸ்க்ரூக்களால் மூடினார். வயர் ஒன்றுகூட வெட்டுப்படாத காரைப் பார்த்து வாங்க வந்தவர் மகிழ்ந்தார். சிடி பிளேயர் தன் கூட்டோடு அத்தையின் மாருதி ஆம்னிக்குக் குடிபோனது. கார் வேறு, பொந்து அதே அளவு.

ஆம்னியில் ஒரு கண்டம் காத்திருந்தது. முன்பு யாரோ ஸ்பீக்கரின் மைனஸ் வயரை வண்டியின் பாடியிலேயே கொடுத்து வைத்திருந்தார்கள். பழைய காலச் சிறு செட்டுகளுக்கு அது பழக்கம்தான். இந்த மாதிரி செட்டில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டு முனையையும் ஆம்ப் தனித்தனியாகத் தள்ளி இழுக்கிறது. 14 வோல்ட்டில் இருபது வாட் பிழிவது அப்படித்தான். மைனஸ் பாடியில் பட்டால் ஐசி தன்னைக் காத்துக்கொண்டு மௌனமாகும், இல்லையென்றால் கருகும். எலக்ட்ரீஷியன் இதைக் கவனித்து, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஜோடி வயர் புதிதாக இழுத்தார். செட் தப்பித்தது.

அங்கே சில வருஷம் ஓடியபின் லேசர் மங்கியது. வட்டைப் போட்டால் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளும். அதற்குள் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டதால் யாரும் வருத்தப்படவில்லை. செட்டின் ரேடியோவும், ஆம்பும், முகப்பிலிருந்த ஆக்ஸ் ஓட்டையும் நன்றாகவே வேலை செய்தன. பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் 12 வோல்ட் மஞ்சள் வயரில் செட்டின் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து, கறுப்பைக் கறுப்போடு கொடுத்து, மாமா தன் லேத் பட்டறையில் வைத்துவிட்டார். தமிழ்நாட்டின் டீக்கடை, டெய்லர் கடை, பஞ்சர் கடைகளில் பாடும் கார் செட்டுகளில் பாதிக்காவது இப்படியொரு முன்கதை இருக்கும்.

இந்தப் பயணம் இனி வரும் செட்டுகளுக்குக் கிடைக்காது. முதலில் 100 மில்லிமீட்டர் உயர ‘டபுள் டின்’ வந்தது. அதுவரை மாற்றிக்கொள்ள முடிந்தது. இப்போதைய கார்களில் ஸ்டீரியோ டேஷ்போர்டின் வளைவோடு வார்த்த திரை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன், சில வண்டிகளில் ஏசி கட்டுப்பாடுகூட அதற்குள்ளேதான். அதைக் கழற்றினால் வேறு எந்தக் காரிலும் உட்காராது. அந்தந்த மாடலுக்கென்று ஃபிரேம் செய்து விற்கும் ஆண்ட்ராய்டு செட்டுகள் இருக்கின்றன. கார் மாறினால் ஃபிரேமைக் குப்பையில் போட வேண்டியதுதான். இது வாகன வடிவமைப்பின் வளர்ச்சி என்கிறார்கள். வாங்கியவன் கையிலிருந்த ஓர் உரிமையை அழகான கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

உங்களிடம் பொந்து உள்ள பழைய கார் இருந்து, செட் மாற்றப் போகிறீர்கள் என்றால் கப்ளரை வெட்ட விடாதீர்கள். கழற்றிய செட்டை அதன் ஸ்க்ரூக்களோடு ஒரு பையில் கட்டி, எந்தக் காருடையது என்று எழுதி வையுங்கள். தட்டைச் சாவி இரண்டையும் அதே பையில் போடுங்கள். செட்டை எடுக்க நேரும்போது எல்லார் வீட்டிலும் காணாமல் போவது அதுதான்.